ஏற்றத்தில் மிஞ்சும் குதிரைத்திறன்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுக்கு ஏறும் சாலை, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியவருக்குப் பல பட்டறைகளில் கிடைக்காத சோதனை ஒன்றை வைக்கும். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முற்பாதி ஊர்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக மேடுபள்ளத்தில் போகும். விதுரா தாண்டினால் காடு, வளைவு, ஏற்றம். சாலையின் முடிவில், வெள்ளைக்காரர் காலத்தில் உருவாகி, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் உழைப்பில் ஓடி, பிறகு நொடித்து நின்றுபோன தேயிலைத் தோட்டம். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் புறப்படும் இடமும் அதுதான். நகரச் சாலையில் குறை சொல்ல முடியாதபடி ஓடிய கார், இந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மூச்சு வாங்கத் தொடங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடும், வேகம் கூடாது. பிக்கப் இல்லை, இழுக்கவில்லை என்று சொல்லி பானெட்டைத் திறப்பவரின் கை நேராகப் போவது கார்புரேட்டருக்கு. அங்கே திருகுகளும் நட்டுகளும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன, திருகினால் உடனே சத்தம் மாறுகிறது, ஏதோ செய்துவிட்ட நிறைவும் கிடைக்கிறது. ஆனால் கார்புரேட்டர் கடைசியாகத் தொட வேண்டிய உறுப்பு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

பேச ஒரு கார் வேண்டும். 1955இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் வெளிவரத் தொடங்கிய எம்.ஜி.ஏ. காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், எடை ஏறக்குறைய 900 கிலோ, 1,489 சி.சி. எஞ்சின், தொடக்கத்தில் 68, சில காலத்திலேயே 72 குதிரைத்திறன். இந்த எஞ்சின் நமக்கு அந்நியமே அல்ல. பல பத்தாண்டுகள் நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர் பெட்ரோல் காரின் எஞ்சினும் இதே குடும்பம். அதே 73 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், அதே 88.9 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சு. அம்பாசடரில் ஒரே கார்புரேட்டரும் குறைந்த கம்ப்ரஷனும் வைத்து சுமார் 50 குதிரைத்திறன் எடுத்தார்கள், எம்.ஜி.ஏ.யில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் கூடுதல் கம்ப்ரஷனும் வைத்து 72 வரை கொண்டுபோனார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் இப்படியோர் உறவு உண்டு. அந்தக் கார் டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கி அதன் மேல் கட்டப்பட்டது. அதே ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. ஆகவே இந்த எஞ்சின்களைக் கையால் அறிந்த மூத்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்றும் கிடைக்கிறார்கள். அதை நான் பெரிய செல்வமாகவே நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கார் வேகமெடுக்கப் பயன்படுவது எஞ்சின் தரும் முழுத் திறன் அல்ல, செலவெல்லாம் போக மிஞ்சும் திறன். மாதச் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவதுதான் கைச்செலவுக்கு என்பதைப் போல. இரண்டு பேரோடு எம்.ஜி.ஏ.யின் எடை 1,050 கிலோ என்று வைப்போம். மூன்றாவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும். அந்தச் சுழற்சியில், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சுமார் 27 குதிரைத்திறன்தான் தரும். 72 என்பது 5,500 சுற்றில் கிடைப்பது. கியர்பாக்ஸும் பின் அச்சும் தின்றது போகச் சக்கரத்துக்கு வருவது 24. சமதளத்தில் உருளும் தடைக்கும் காற்றுத் தடைக்கும் 3 போதும், மிச்சம் 21. அதே காரைப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் விடுங்கள். எடையைத் தூக்குவதற்கு மட்டும் 13 குதிரைத்திறன் போய்விடும். பழைய 3ஐயும் சேர்த்தால் செலவு 16. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சக்கரத்துக்கு வருவதும் 24இலிருந்து 22ஆகக் குறையும். மிச்சம் 6. இப்போது எங்கிருந்தோ ஒரு கோளாறு வந்து எஞ்சின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது என்று வைப்போம். சமதளத்தில் மிச்சம் 21இலிருந்து 16ஆகும். காரைப் புதிதாக வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது. ஏற்றத்தில் 6இலிருந்து 2க்குள் விழும். கார் செத்துவிட்டது என்று தோன்றும். கோளாறு ஒன்றேதான். இவை தோராயக் கணக்குகள். சாலையின் சரிவும் காரின் எடையும் மாறினால் எண்களும் மாறும். ஆனால் அவற்றின் விகிதம் சொல்லும் செய்தி மாறாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, சமதளத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கிய காரில் குறையில்லை என்று நம்ப இடமில்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் கார்களின் உச்சவேகம் அங்கே வெளிப்பட்டது; குறைந்த சுழற்சியில், முழுச் சுமையில் எஞ்சின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மலைச்சாலைதான் காட்டும். இரண்டு, ஏற்றம் ஓர் அளவுகோல். சரிவும் எடையும் தெரிந்தால், முழு மிதியில் கார் எந்த வேகத்தில் கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்பதைக் கொண்டே சக்கரத்துக்கு வரும் திறனைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கு விரைந்து ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. போனக்காட்டுச் சாலை பேப்பாறை வனவிலங்கு சரணாலயப் பகுதியை ஒட்டியது. யானை குறுக்கே வரக்கூடிய காட்டுவழி. அங்கே யாரும் வேகப் பந்தயம் நடத்தக் கூடாது. மணிக்கு 30, 40 கிலோமீட்டரில் சீராக ஏறுவதே போதுமான சோதனை. இன்னும் அகலமான சாலை வேண்டுமென்றால் பக்கத்தில் 22 கொண்டை ஊசி வளைவுகளோடு பொன்முடிச் சாலை இருக்கிறது.

கோளாறைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: கார் உண்மையிலேயே மந்தமாக இருக்கிறதா? எம்.ஜி.ஏ. புதிதாக இருந்தபோதே நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர், வேகத்தை எட்ட 15, 16 விநாடி எடுத்தது. இன்று தெருவில் ஓடும் பல சிறிய குடும்பக் கார்கள் அதைவிட விரைவு. தாழ்ந்த இருக்கையும் நீண்ட பானெட்டும் தரும் எதிர்பார்ப்பை 1955இன் எஞ்சினால் நிறைவேற்ற முடியாது. அதோடு மலையின் பங்கையும் கழிக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சின் இழுக்கும் ஆக்சிஜன் குறைகிறது. திறனும் அதே அளவில் குறைகிறது. மழைக்காலத்தின் ஈரமும் சிறிது எடுத்துக்கொள்ளும். 25 டிகிரி வெப்பத்தில் காற்று முழுக்க ஈரமானால் அதில் 3 சதவீதம் வரை நீராவி. அந்த இடத்தில் இருக்க வேண்டிய காற்று எஞ்சினுக்குக் கிடைக்காது. இந்த இழப்புகளுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை. இவற்றைக் கழித்த பிறகும் குறை இருந்தால்தான் அது காரின் குறை.

எஞ்சினுக்கு வெளியே இருக்கும் திருடர்களை விரைவாகக் கடந்துவிடலாம். நீண்ட காலம் நின்ற காரில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, மிதித்தால் எண்ணெயைப் போக விடும், விட்டால் திரும்ப விடாது. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது தனியாகச் சுடுகிறது என்று தெரியும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதைச் சுழற்சிமானி சொல்லிவிடும். எம்.ஜி.ஏ.யின் டாப் கியரில் 1,000 சுற்றுக்கு மணிக்கு 27 கிலோமீட்டர் கணக்கு; ஏற்றத்தில் முள் மேலே போய், கைபேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகம் கூடவில்லை என்றால் எஞ்சினில் குற்றமில்லை. இன்னொன்று சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் தவறவே கூடாதது: ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க, மற்றவர் கார்புரேட்டர் பக்கம் நின்று த்ராட்டில் வால்வு முழுக்கத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டுபோன கேபிளும் மிதிக்கு அடியில் புதிதாகப் போட்ட தடித்த கம்பளமும் காரின் கால்வாசித் திறனை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது எஞ்சினின் உடல்நிலை. கம்ப்ரஷன் அளவியை ஒவ்வொரு சிலிண்டரிலும் மாட்டிப் பார்ப்பது அரைமணி வேலை. கிடைக்கும் எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் முக்கியம். மலைமேல் எடுத்தால் எல்லா எண்களும் சேர்ந்தே குறைந்திருக்கும், அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. இந்த எஞ்சின்களில் வால்வைச் சந்தேகிக்க வரலாற்றுக் காரணமும் உண்டு. இவை ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஈயச் சேர்மங்கள் எரிந்து வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, மென்மையான வார்ப்பிரும்பைக் காத்துவந்தன. மனித உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, ஈயம் செய்யும் கேட்டால் இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியோடு அது பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கியது முற்றிலும் சரி. ஆனால் கெட்டியான சீட் பொருத்தப்படாத பழைய ஹெட்டில், கடும் சுமையில் ஓடும்போது வால்வு மெல்ல உள்ளே அமிழும். அமிழ அமிழ டாப்பெட் இடைவெளி சுருங்கும். ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாது. சத்தம் போடும் டாப்பெட் உரிமையாளரை உறுத்தும். சத்தமே போடாத டாப்பெட்டைத்தான் இங்கே சந்தேகிக்க வேண்டும்.

இவை தாண்டியும் கார் இழுக்கவில்லை என்றால், நான் சந்தேகத்தின் முழு எடையையும் தீப்பொறியின் மேல் வைப்பேன். காரணம் எரிதலின் இயல்பிலேயே இருக்கிறது. பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் வெடிப்பதில்லை. பிளக்கிலிருந்து ஒரு சுடர் கிளம்பி அறை முழுதும் பரவுகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பிஸ்டனைச் சரியாக அழுத்த வேண்டுமானால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு மில்லிவிநாடிக்குள் 18 டிகிரி கடந்துபோகிறது. உச்சிக்கு 32 டிகிரி முன்பே பொறி வைத்தால், அழுத்தம் உச்சமடைய அதற்குக் கிடைப்பது 2.6 மில்லிவிநாடி. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இவ்வளவு முன்கூட்டித் தேவையில்லை, ஆகவே எம்.ஜி.ஏ.யில் தொடக்கநிலை சுமார் 7 டிகிரி, சுழற்சி கூடக் கூட அது 30ஐத் தாண்டும். இந்த வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பட்டறையில் டெல்கோ என்று சொல்லும் அந்தக் குடுவைக்குள், இரண்டு சிறு ஸ்பிரிங்குகள் பிடித்திருக்கும் இரண்டு எடைகள். சுழற்சி கூடினால் எடைகள் வெளியே விரியும். விரிந்தால் பொறியின் நேரம் முன்னால் நகரும்.

பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற காரில் இந்த எடைகள் துருவாலும் உலர்ந்த கிரீஸாலும் இறுகிப்போயிருக்கும். அப்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். தொடக்கநிலை 7 டிகிரி சரியாகவே இருக்கும். கார் ஒரே சாவியில் கிளம்பும். ஐடிலிங்கில் ஒழுங்காக நிற்கும். டைமிங்கை நின்ற நிலையில் சரிபார்த்தால் எல்லாம் சரி என்று வரும். சுழற்சி கூடும்போதுதான், 30 வர வேண்டிய இடத்தில் 7லேயே நிற்கும். டைமிங் பின்தங்கினால் இழப்பு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பின்னடைவு இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பத்து டிகிரிக்குச் சில சதவீதம்தான் போகும். இருபதைத் தாண்டினால் எஞ்சின் திறனில் கணிசமான பங்கு சைலன்சர் வழியாக வெப்பமாக வெளியேறிவிடும். புதிதாக வாங்கிய பழைய காரில் 'நன்றாகக் கிளம்புகிறது, நன்றாக நிற்கிறது, இழுக்க மட்டும் மாட்டேன் என்கிறது' என்ற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான காரணத்தை நான் அறியேன். டைமிங் விளக்கை எஞ்சின் புல்லியிலுள்ள டைமிங் குறியின் மேல் காட்டி, ஒருவர் மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும். குறி நகர்ந்தால் எடைகள் உயிரோடு இருக்கின்றன. நகராமல் ஒரே இடத்தில் நின்றால் விடை கிடைத்துவிட்டது. செலவு, இரண்டு துளி எண்ணெயும் பொறுமையும்.

அதே டெல்கோவில் தேய்மானமும் ஒரு திசையில்தான் நடக்கிறது. மின்சுற்றைத் திறந்து பொறியை உண்டாக்கும் பாயிண்டின் குதிகால் கேமோடு உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி பின்தங்கும். கவனிக்காமல் விட்ட பழைய கார் தானாகவே பின்தங்கிய காராகிவிடுகிறது. சுமைக்கும் மின்பொறிக்கும் இடையே இன்னொரு தொடர்பும் உண்டு. பிளக் இடைவெளியில் பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது அங்குள்ள வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தது. ஐடிலிங்கில் சிலிண்டர் பாதி வெறுமையாக இருக்கிறது, சிறிய மின்னழுத்தம் போதும். ஏற்றத்தில் முழு மிதியில் சிலிண்டர் நிறைந்து அடர்ந்திருக்கும்போது தேவை பல மடங்கு. சோர்ந்துபோன காயில், தேய்ந்த பிளக், மெல்லிய விரிசல் விட்ட டெல்கோ மூடி ஆகியவை வீட்டு வாசலில் எல்லாத் தேர்விலும் தேறி, மலையில் தோற்பது இதனால்தான். அகத்தியமலைப் பக்கத்து மூடுபனி அந்த விரிசலில் ஈரமாகப் படிந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் மூடியின் மேலேயே ஊர்ந்து போய்விடும். எஞ்சின் மிஸ் அடிக்கும். அதைப் பெட்ரோல் வரவில்லை என்று படிப்பது எளிது, தவறும் எளிது.

டெல்கோவின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் குடுவையைப் பற்றி ஒரு சொல். அதன் ரப்பர் சவ்வு கிழிந்திருப்பதைக் கண்டு, குற்றவாளி கிடைத்தான் என்று நின்றுவிடுவோர் உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சு அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது; அந்தக் குடுவை அப்போது வேலையே செய்வதில்லை. கிழிந்த சவ்வு பெட்ரோல் செலவைக் கூட்டும், பாதி மிதியில் காரைச் சோம்பலாக்கும். முழு மிதியில் ஏற்றம் ஏறாததற்கு அது காரணமாக இருக்க முடியாது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் தேடல் அங்கே முடியக் கூடாது.

இனி மறுப்புகள். முதலும் வலுவானதுமான மறுப்பு எத்தனால் பற்றியது. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 1950களின் கார்புரேட்டருக்குப் பொருந்தாது; ஆகவே முதலில் கார்புரேட்டரைத்தான் மாற்றியமைக்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. சொல்வதில் உண்மை இருக்கிறது, அளவைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது சதவீதக் கலவைக்கு அது 13.5 அளவில் வருகிறது. அதாவது பழைய அமைப்பிலேயே விட்டால் கலவை சுமார் 8 சதவீதம் மெலியும். ஆனால் அந்தக் காலத்து கார்புரேட்டர்கள் முழு மிதியில் தேவைக்கு மேல் செழித்த கலவையையே தந்தன. அங்கே திறனின் வளைகோடு தட்டையானது. 8 சதவீதம் மெலிந்தால் முழு மிதியில் போகும் திறன் ஓரிரண்டு சதவீதம்தான். அதோடு மலையேறும்போது எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடக்கிறது: காற்று மெலிய, கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைப்பதில்லை, 1,000 மீட்டர் உயரத்தில் கலவை சுமார் 5 சதவீதம் செழிக்கிறது. இரண்டும் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மெலிந்த கலவை தரும் தொல்லை வேறு வகை. சட்டென்று மிதிக்கும்போது ஒரு திணறல், குளிர்ந்த காலையில் தடுமாற்றம். ஏற்றம் முழுக்க ஒரே சீராக இழுக்காமல் இருப்பதை எத்தனாலின் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது மறுப்பு அனுபவத்தின் பெயரால் வரும். மூத்த மெக்கானிக்குகள் விளக்கும் அளவியும் இல்லாமல் காதால் கேட்டே சரிசெய்தார்களே என்பது அது. செய்தார்கள், அவர்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஏற்றத்தில் ஓட்டி, எஞ்சின் நாக்கிங் அடிக்கும் வரை டெல்கோவைத் திருப்பி, பிறகு ஒரு நூல் பின்வாங்கி இறுக்குவது அவர்கள் முறை. குறைந்த ஆக்டேன் பெட்ரோல் கிடைத்த நாட்களில் அது நுட்பமான முறை. நாக்கிங் வரும் இடமும் உகந்த இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எத்தனால் கலந்ததால் இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் உயர்ந்திருக்கிறது. 8.3 கம்ப்ரஷன் கொண்ட எஞ்சினில், உகந்த இடத்தைத் தாண்டிப் போனாலும் நாக்கிங் கேட்காமலே போகலாம். காது கேட்கக் காத்திருந்த சத்தம் வருவதே இல்லை. கை திருப்பிக்கொண்டே போகும். அதே கைகளிடம் ஒரு டைமிங் விளக்கைக் கொடுத்தால் அவர்களைவிட நன்றாக இந்த எஞ்சினைச் சரிசெய்யக்கூடியவர்கள் வேறு யாருமில்லை.

மூன்றாவதாக, இவ்வளவு தேடுவானேன், பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமே என்பார்கள். நல்ல கருவிதான், குதிகால் தேய்மானத்தை ஒழித்துவிடுகிறது. ஆனால் அந்தச் சிறு பெட்டி பொருந்துவது அதே டெல்கோவுக்குள், அதே எடைகளுக்கு மேலே. எடைகள் இறுகியிருந்தால் புதிய கருவியும் பழைய தவறான நேரத்தில், முன்னைவிடத் துல்லியமாக, பொறி வைக்கும். 1961இல் சென்னைப் பாடியில் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். போன்ற ஆலைகள் இந்த வகை டெல்கோக்களை இந்தியாவிலேயே செய்தன. ஸ்பிரிங்கும் எடையும் சீரமைக்கக் கூடியவை, ரகசியம் எதுவும் இல்லாதவை. அவற்றைத் திறந்து பார்ப்பதைத் தவிர்க்கக் குறுக்குவழி இல்லை.

இப்போது கார்புரேட்டரை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மற்ற உறுப்புகளைச் சோதிக்கும்போது அவை மாறுவதில்லை. கார்புரேட்டரைத் திருகிய கணமே தடயம் அழிகிறது. அதைவிட மோசம், கார்புரேட்டர் மற்றவர் குற்றத்தை ஏற்றுக்கொள்ளும். டைமிங் பின்தங்கிய எஞ்சினில் கலவையைச் செழிக்கச் செய்தால் சுடர் சற்று வேகமாகப் பரவுகிறது; கார் கொஞ்சம் தேறியதுபோல் தோன்றும். உரிமையாளர் மகிழ்ந்துபோவார். கோளாறு அப்படியே இருக்கும். அதன் மேல் கரி படிந்த பிளக்கும் வீணாகும் பெட்ரோலும் சேரும். அடுத்தவர் வந்து பார்க்கும்போது இரண்டு கோளாறுகளைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோல் வந்து சேர்வது வேறு, கலவை வேறு. எத்தனாலின் உண்மையான தாக்குதல் இந்த முதல் பகுதியில்தான். பழைய ரப்பர்க் குழாய்களை அது ஊறவைத்து உதிர்க்கும். தொட்டியில் பல ஆண்டுகளாகப் படிந்த பசையைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். ஈரக்காற்றிலிருந்து நீரை இழுத்து, ஒரு வரம்புக்கு மேல் அந்த நீரோடு பிரிந்து அடியில் தங்கும். இதன் அடையாளம் தெளிவு: ஏற்றத்தின் தொடக்கத்தில் கார் நன்றாக இழுக்கும், கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்ததும் சோரும், சிறிது நிறுத்தினால் மீண்டும் இழுக்கும். தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக மந்தமாக இருக்கும் கார் பெட்ரோல் பஞ்சத்தால் வாடுவதில்லை. உறுதி செய்ய, குழாயைக் கழற்றி பம்பை ஒரு நிமிடம் ஒரு பாட்டிலுக்குள் ஓடவிட்டு அளக்கலாம். எஞ்சின் சூடாக இல்லாதபோது, தீப்பொறிக்கு வழியில்லாத திறந்த இடத்தில். நாற்பது குதிரைத்திறனைத் தொடர்ந்து தர எஞ்சினுக்கு நிமிடத்துக்கு சுமார் 200 மில்லிலிட்டர் போதும். அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு பாட்டிலில் விழுந்தால் பம்பை விட்டுவிடலாம்.

எல்லாம் தேறிய பிறகு எஸ்.யூ. கார்புரேட்டருக்கு வருவோம். ஸ்கின்னர் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்தக் கருவியின் எளிமை இன்றும் வியப்பூட்டுகிறது. எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் தானாக உயரும். அதோடு கூம்பிய ஊசியொன்று உயர்ந்து பெட்ரோலின் வழியைத் திறக்கும். சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழுந்தால் காற்று முந்திக்கொண்டு கலவை மெலிந்துவிடும். அதைத் தடுக்க மேல்குழாயில் சிறிது எண்ணெய். அதில் அமிழ்ந்த தடுப்பான் பிஸ்டனை ஒரு கணம் நிறுத்திவைத்து, அந்தக் கணத்தில் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கச் செய்கிறது. புதிதாக வாங்கிய காரில் அந்த எண்ணெய் வற்றியிருந்தால், மிதித்தவுடன் ஒரு பள்ளம் விழுந்து பிறகு கார் எழும். ஆண்டுக்கணக்கில் யாரும் மூடியைத் திறக்காத காரில் இது அடிக்கடி காணக்கூடியது. எத்தனாலின் திணறலோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. எண்ணெய் ஊற்றிய பின்னும் திணறல் இருந்தால்தான் கலவையைப் பார்க்க வேண்டும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் காற்று இழுக்கின்றனவா என்பதைச் சரிசெய்துவிட்டு, ஐடிலிங்கில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செழிப்பு, குறைந்து சாகப் போனால் மெலிவு, சற்றே கூடி உடனே இறங்கினால் சரி. அதற்கேற்ப அடியிலுள்ள நட்டை ஒரு முகம், இரண்டு முகம் என்று திருப்ப வேண்டும்.

இந்தத் திருத்தத்தைப் போனக்காட்டில் செய்யக் கூடாது. மலைமேல் சரியாக வைத்த கலவை, திருவனந்தபுரத்தின் அடர்ந்த காற்றுக்கு இறங்கியதும் 5 சதவீதம் வரை மெலிந்துவிடும். நெடுஞ்சாலையில் முழு மிதியில் நீண்ட நேரம் ஓடும்போது மெலிந்த கலவை எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும், அதுவும் ஈயத்தின் பாதுகாப்பை ஏற்கெனவே இழந்த வால்வை. சமவெளியில், இப்போது பம்பில் கிடைக்கும் அதே பெட்ரோலோடு, எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு திருத்திவிட்டு மலைக்குப் போக வேண்டும். மேலே கலவை சற்றுச் செழித்திருக்கும். ஓரிரு குதிரைத்திறன் குறையும். வால்வுக்குக் கேடு வராது. முன்பு முழு மிதியில் வேகத்தை அளந்த அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே எடையோடு மீண்டும் ஏறி, கார் இப்போது நிற்கும் வேகத்தை எழுதி வைத்தால், செய்த வேலைகளில் எது எத்தனை குதிரைத்திறனைத் திருப்பித் தந்தது என்று கணக்கிட முடியும். அதற்காகத்தான் ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும்.